சிறிய பாப்டிஸ்ட் சபையின் வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு சிறிய பாப்டிஸ்ட் சபைக்குத் தனியாக வரலாறு எழுத வேண்டிய தேவை என்ன?

விசுவாசத்தைத் தாமே அறிக்கையிடுபவருக்கு மட்டும் ஞானஸ்நானம் கொடுக்கும் கிறிஸ்தவப் பிரிவான பாப்டிஸ்ட் மரபில் சபைக்கு மேலே பேராயர் இல்லை. உள்ளூர்ச் சபையின் தீர்மானத்தைத் திருத்தி எழுதும் அதிகாரம் கொண்ட தலைமையகமும் இல்லை. போதகரை அழைப்பது, அவரை அனுப்பிவைப்பது, புதியவரைச் சேர்ப்பது, தவறியவரை நீக்குவது, கட்டடம் எழுப்பக் கடன் வாங்கலாமா என்று முடிவு செய்வது ஆகிய அனைத்தும் அங்கத்தினர் கூட்டத்திலேயே தீர்மானமாகின்றன. பேராயர் ஆட்சி உள்ள திருச்சபைகளில் ஓர் ஊர்ச் சபையின் கதையில் பாதி மேலிடத்துக் கோப்புகளில் கிடைத்துவிடும். பாப்டிஸ்ட் சபையில் அந்த வசதி கிடையாது. முப்பது பேர் மட்டுமே கொண்ட சபையானாலும் அதன் வரலாறு அந்த முப்பது பேர் எடுத்த முடிவுகளில்தான் அடங்கியிருக்கிறது.

போதகர்களின் பெயர்ப் பட்டியலையும் கட்டடத்தின் படத்தையும் வாழ்த்துரைகளையும் தாங்கி வரும் நூற்றாண்டு மலர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். போதகர்கள் சில ஆண்டுகள் இருந்துவிட்டுப் போகிறார்கள். அவர்களை அழைத்தவர்களும், சில வேளைகளில் போகச் சொன்னவர்களும், கதவைத் திறந்து விளக்கேற்றியவர்களும் அங்கேயே இருந்தவர்கள்.

உலகின் முதல் பாப்டிஸ்ட் சபை எது? எல்லாச் சபைகளும் அதிலிருந்து வந்தவையா?

இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையிலிருந்து பிரிந்து ஆம்ஸ்டர்டாமில் தஞ்சம் புகுந்த ஆங்கிலேயர் குழு ஒன்று, 1609ஆம் ஆண்டு ஜான் ஸ்மித் என்பவரின் தலைமையில், குழந்தைப் பருவத்தில் பெற்ற ஞானஸ்நானம் செல்லாது என்று முடிவு செய்தது. ஸ்மித் முதலில் தமக்குத் தாமே ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டு, பிறகு மற்றவர்களுக்கும் கொடுத்தார். பின்னர் அவருடன் கருத்து வேறுபட்ட தாமஸ் ஹெல்விஸ் ஒரு சிறு குழுவுடன் தாயகம் திரும்பி, 1612 அளவில் லண்டனை அடுத்த ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் சபை கூட்டினார். ஆங்கில மண்ணில் கூடிய முதல் பாப்டிஸ்ட் சபை என்று பொதுவாகக் கொள்ளப்படுவது இதுவே. அரசனுக்கு மனிதரின் மனச்சாட்சியின்மேல் அதிகாரம் இல்லை என்று எழுதிய ஹெல்விஸ் நியூகேட் சிறையில் அடைக்கப்பட்டார். 1616க்குள் அவர் இறந்துவிட்டார்.

ஆனால் எல்லாச் சபைகளும் இந்த ஒரே கிளையிலிருந்து வந்தவை அல்ல. கிறிஸ்து எல்லோருக்காகவும் மரித்தார் என்று போதித்த இவர்கள் பொது பாப்டிஸ்டுகள் எனப்பட்டனர். கடவுளால் தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்காக மட்டுமே மரித்தார் என்ற கால்வினியக் கொள்கையுடைய தனிப் பாப்டிஸ்டுகள், 1630களில் லண்டனின் வேறொரு பிரிவினைச் சபையிலிருந்து தனியே உருவானவர்கள். ஒரு சிறு சபையின் வரலாற்றை எழுதத் தொடங்குபவர், அது இந்த இரண்டில் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்பதை முதலில் தெரிந்துகொண்டால், பிற்காலச் சண்டைகளில் பாதிக்கு விளக்கம் கிடைத்துவிடும்.

இன்னொரு செய்தி பலரை வியக்கவைக்கும். தொடக்கத்தில் இவர்கள் தண்ணீரில் முழுக்கவில்லை. ஸ்மித்தின் குழு தண்ணீரை ஊற்றியே ஞானஸ்நானம் கொடுத்தது. முழுக்கு ஞானஸ்நானம் 1640களின் தொடக்கத்தில்தான் லண்டன் தனிப் பாப்டிஸ்டுகளிடையே நிலைபெற்றது. ஏழு லண்டன் சபைகள் 1644இல் வெளியிட்ட விசுவாச அறிக்கை அதை எழுத்தில் வைத்தது.

சபை தொடங்கிய நாளாக எதைக் கொள்வது?

முதல் ஜெபக்கூட்டம் நடந்த நாள், முதல் ஞானஸ்நானம் நடந்த நாள், கட்டடம் திறக்கப்பட்ட நாள், அரசில் பதிவான நாள் என்று நான்கைந்து நாள்கள் போட்டிக்கு நிற்கும். பாப்டிஸ்ட் புரிதலின்படி, விசுவாசிகள் ஒருவரோடொருவர் உடன்படிக்கை செய்து சபையாக இணைந்த நாளே தொடக்கம். கட்டடத் திறப்பு நாளைத் தொடக்கமாகக் கொண்டால் பல சபைகளின் முதல் தலைமுறையே காணாமற்போய்விடும்.

அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரச் சபை இதற்கு நல்ல சான்று. ரோஜர் வில்லியம்ஸும் அவருடன் இருந்த சிலரும் 1638இல் அதைக் கூட்டினர். இன்று பயணிகள் பார்த்து வியக்கும் உயர்ந்த கோபுரமுள்ள ஆராதனைக் கூடம் 1775இல் எழும்பியது. இடையே ஒரு நூற்றாண்டுக்கும் மேலான காலம் கடந்திருக்கிறது. வில்லியம்ஸே சில மாதங்களில் அந்தச் சபையை விட்டு விலகிவிட்டார். நிறுவனர் போன பின்பும் சபை நின்றது என்பதைச் சொல்லாத எந்த வரலாறும் குறைபட்டதே.

உடன்படிக்கை என்பது விசுவாச அறிக்கையிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

விசுவாச அறிக்கை எதை நம்புகிறோம் என்று சொல்கிறது. உடன்படிக்கை ஒருவரோடொருவர் எப்படி வாழ்வோம் என்று வாக்குக் கொடுக்கிறது: கூடிவருவதைத் தவறவிடாதிருப்போம், ஒருவர் குறையை மற்றவர் அன்போடு எடுத்துச் சொல்வோம், ஏழை அங்கத்தினரைத் தாங்குவோம், போதகரின் செலவுக்குப் பங்களிப்போம் என்பன போன்றவை அதில் இருக்கும். அங்கத்தினர்கள் அதன் கீழே கையொப்பமிடுவர். எழுதத் தெரியாதவர் ஒரு குறியிடுவார். அந்தக் குறிகளை எண்ணிப் பார்த்தாலே சபையில் எவ்வகை மக்கள் இருந்தார்கள் என்பது ஓரளவு விளங்கும்.

இது வெறும் சடங்குத் தாள் அன்று. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஹார்வி லேன் சபைக்குப் போதகராக வந்த, பின்னாளில் இந்தியாவில் மிஷனரியாக இருந்த வில்லியம் கேரி, அங்கே பழைய பகைகளும் ஒழுக்கக் குறைகளும் புரையோடியிருப்பதைக் கண்டார். 1790இல் அந்தச் சபை தன்னைத்தானே கலைத்துக்கொண்டு, புதிய உடன்படிக்கைக்கு இசைந்து கையொப்பமிட்டவர்களை மட்டும் கொண்டு மறுபடியும் அமைந்தது. கட்டடம் அதேதான், போதகரும் அவரேதான். ஆனால் ஏட்டின்படி அது புதிய சபை. அப்படிப்பட்ட ஒரு முடிவை எடுக்க எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

வரலாற்றுக்கு முதன்மையான ஆதாரம் எது?

சபையின் நடவடிக்கைக் குறிப்பேடு. அங்கத்தினர் பட்டியல், கணக்குப் புத்தகம், கடிதங்கள், கல்லறைக் கற்கள் ஆகியவை அதற்குத் துணை நிற்பவை. குறிப்பேட்டை எழுதியவர் பெரும்பாலும் சபை எழுத்தர் அல்லது சபைப் பணிகளைக் கவனிக்கும் ஒரு டீக்கன். எழுத்துப் பயிற்சி குறைந்தவராகவும் இருப்பார். ஒரு கூட்டத்துக்கு மூன்று வரி எழுதியிருப்பார். அடுத்த கூட்டத்துக்கு ஒரு தகராறைப் பற்றி இரண்டு பக்கம் நிரப்பியிருப்பார். அந்த ஏற்றத்தாழ்வே சபைக்கு எது பெரிதாகப் பட்டது என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

கேரியின் பெயர் உலகம் அறிந்தது. அவர் முதலில் ஓல்னி என்ற ஊர்ச் சபையின் குறிப்பேட்டில் எப்படித் தோன்றுகிறார் என்பதைப் பாருங்கள். 1785இல் செருப்புத் தைத்துப் பிழைத்துவந்த அந்த இளைஞர், பிரசங்கிக்கச் சபையின் அங்கீகாரத்தைக் கேட்கிறார். அவர் பேசக் கேட்ட சபை முழு மனதாக ஒப்பவில்லை. அவருடைய வரத்தை இன்னும் சோதித்துப் பார்க்க வேண்டும், இன்னொரு முறை வந்து பேசட்டும் என்று தீர்மானிக்கிறது. மறு ஆண்டுதான் அவரை ஊழியத்துக்கு அனுப்ப இசைகிறது. பின்னாளில் வங்காளத்தின் செராம்பூரில் அச்சுக்கூடம் நிறுவிப் பல மொழிகளில் வேதாகமத்தை வெளியிட்டவரைக் காத்திருக்கச் சொன்ன அந்தத் தீர்மானத்தை எழுதியவர்களுக்கு அவர் யாராகப் போகிறார் என்பது தெரியாது. பிற்கால வாழ்க்கை வரலாறுகள் தர முடியாத ஒன்றைக் குறிப்பேடு தருவது இதனால்தான்.

சபை இடம் பெயர்ந்தால் அதன் வரலாறு எந்த ஊருக்கு உரியது?

சபை என்பது மக்களேயன்றி இடமன்று என்பதால், வரலாறு மக்களோடு போகிறது. வேல்ஸ் நாட்டில் இல்ஸ்டன் என்ற சிற்றூரில் ஜான் மைல்ஸ் என்பவர் 1649இல் அமைத்த சபையே அந்நாட்டின் முதல் பாப்டிஸ்ட் சபை எனப்படுகிறது. இங்கிலாந்தில் முடியாட்சி திரும்பிய பிறகு ஒடுக்குமுறை தொடங்கவே, மைல்ஸ் 1663 அளவில் சிலருடன் அட்லாண்டிக் கடலைத் தாண்டி மாசசூசெட்ஸ் பகுதிக்குப் போனார். போகும்போது இல்ஸ்டன் சபையின் ஏட்டையும் கையோடு எடுத்துச்சென்றார். அங்கே அதே ஏட்டின் தொடர்ச்சியாகப் புதிய சபையின் செய்திகள் எழுதப்பட்டன. புதிய ஊருக்கும் பழைய நாட்டு நகரமான ஸ்வான்சீயின் பெயரே வைக்கப்பட்டது. வேல்ஸின் முதல் பாப்டிஸ்ட் சபையைப் பற்றி ஆராய்பவர் இன்று அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ள அந்த ஏட்டைத்தான் நாட வேண்டியிருக்கிறது.

இதைவிடக் கடினமான பயணம் அமெரிக்காவின் தென்பகுதியில் அடிமைப்பட்டிருந்த மக்களுடையது. 1770களில் தென் கரோலினாவின் சில்வர் பிளஃப் தோட்டத்தில் சிலர் கூடி ஒரு சபையாயினர். அங்கே பிரசங்கித்த ஜார்ஜ் லைல் அமெரிக்கச் சுதந்தரப் போரின் முடிவில் ஜமைக்காவின் கிங்ஸ்டனுக்குப் போய்ச் சபை கூட்டினார். சில்வர் பிளஃப் சபையின் டேவிட் ஜார்ஜ் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குப் போய், அங்கிருந்து 1792இல் ஒரு பெருங்கூட்டத்தோடு ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்குக் கடல் கடந்து, ஃப்ரீடவுனில் சபை அமைத்தார். எழுதப் படிப்பதே மறுக்கப்பட்டவர்களின் சபைக்கு முறையான குறிப்பேடு இருக்காது. அவர்களே பிற்காலத்தில் சொல்லிப் பதிவான வாழ்க்கைக் கதைகளும் கடிதங்களும் அதன் இடத்தை நிரப்புகின்றன.

என் முன்னோரின் ஞானஸ்நானப் பதிவைத் தேடினேன். குழந்தைப் பருவத்தில் ஒன்றும் இல்லையே?

இருக்காது. பாப்டிஸ்டுகள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. விசுவாசத்தைத் தம் வாயால் அறிக்கையிடுபவருக்கே கொடுக்கிறார்கள். ஆகவே ஞானஸ்நானத் தேதியைக் கொண்டு வயதைக் கணக்கிடக் கூடாது. பெற்றவருக்குப் பதினைந்து வயதும் இருக்கலாம், எழுபது வயதும் இருக்கலாம். பெற்றோரின் பெயரும் பெரும்பாலும் இராது.

ஆயினும் இங்கிலாந்தில் பல சபைகள் தனியே பிறப்புப் பதிவேடு வைத்திருந்தன. அரசின் பிறப்புப் பதிவு முறை 1837இல் தொடங்கியபோது அந்தப் பழைய ஏடுகளில் பெரும்பகுதி அரசிடம் ஒப்படைக்கப்பட்டு, இன்று தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளது. திருமணத்தைப் பொறுத்தவரை, 1753ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு 1837 வரை குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரும் யூதர்களும் தவிர மற்ற அனைவரும் அரசுத் திருச்சபையில்தான் மணமுடிக்க வேண்டியிருந்தது. எனவே உறுதியான பாப்டிஸ்ட் குடும்பத்தின் திருமணமும் அரசுத் திருச்சபையான ஆங்கிலிக்கன் சபையின் ஏட்டில் இருப்பதைக் கண்டு, அவர்கள் கொள்கை மாறிவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம்.

ஏட்டில் சில ஆண்டுகள் வெறுமையாக உள்ளன. சபை நின்றுபோனதா?

அப்படி முடிவு கட்டுவதற்குமுன் அந்த ஆண்டுகளில் நாட்டில் நடந்ததைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் 1664ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு வீட்டாருக்கு அப்பால் ஐந்து பேருக்கு மேல் கூடி, அரசுத் திருச்சபையின் முறைக்கு மாறாக ஆராதிப்பதைக் குற்றமாக்கியது. 1670ஆம் ஆண்டுச் சட்டம் காட்டிக்கொடுப்பவருக்கு அபராதத்தில் பங்கும் கொடுத்தது. அப்படிப்பட்ட காலத்தில் பெயர்களை எழுதிவைப்பது சாட்சியத்தை எதிரியின் கையில் கொடுப்பதற்குச் சமம். 1689இல் சகிப்புத்தன்மைச் சட்டம் வந்த பிறகு பல சபைகளின் ஏடுகள் மறுபடி பேசத் தொடங்குகின்றன.

எல்லோரும் வாய்மூடி இருக்கவில்லை. பிரிஸ்டல் நகரின் பிராட்மீட் சபையில் எட்வர்ட் டெரில் என்ற மூப்பர், அடக்குமுறையின் நடுவிலேயே நடந்ததையெல்லாம் எழுதிவைத்தார். கூடத்தின் குறுக்கே ஒரு திரையைத் தொங்கவிட்டு, பிரசங்கிப்பவரை அதன் பின்னால், நம்பத்தக்கவர்களின் நடுவே நிற்கவைத்தார்கள். ஒற்றர்களுக்குக் குரல் கேட்கும், ஆள் தெரியாது. அதிகாரிகள் படியேறி வருகிறார்கள் என்ற செய்தி கிடைத்ததும் திரை விலகும், பிரசங்கி உட்கார்ந்துவிடுவார், சபை முழுவதும் சங்கீதம் பாடத் தொடங்கும். எல்லோரும் பாடிக்கொண்டிருக்க, யார் பிரசங்கித்தார் என்று யாரைப் பிடிப்பது? திரை எங்கே தொங்கியது என்பதுவரை எழுதிவைத்த டெரிலுக்கு வரலாற்றாசிரியர்கள் நன்றி சொல்ல வேண்டும்.

பெண்களைப் பற்றி ஏட்டில் அதிகம் இல்லையே?

பட்டியலில் இருப்பார்கள், தீர்மானங்களில் குறைவாக இருப்பார்கள். பல சபைகளின் அங்கத்தினர் பட்டியலில் பெண்களே பெரும்பான்மை. ஆனால் கூட்டத்தில் பேசவும் வாக்களிக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டா என்பது சபைக்குச் சபை வேறுபட்டது. அதையும் ஒரு தீர்மானமாகவே ஏட்டில் தேட வேண்டும்.

பிராட்மீட் சபையின் தொடக்கமே டாரதி ஹாசர்ட் என்ற பெண்ணிடம் இருக்கிறது. மளிகைக் கடை நடத்திய விதவையாக இருந்த காலத்தில், கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு வேதத்தில் ஆதாரம் இல்லை என்று கருதி, ஊரே விடுமுறை கொண்டாடிய அந்த நாளில் கடையைத் திறந்துவைத்து, எல்லோரும் பார்க்கும்படி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார் என்று டெரில் எழுதுகிறார். 1640இல் ஐந்து பேர் அவருடைய வீட்டில் கூடித் தனிச் சபையாக உறுதி செய்துகொண்டார்கள். அப்போது அவர் மறுமணம் செய்திருந்த கணவர் அரசுத் திருச்சபையின் குருவாக இருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தச் சபை அன்றே பாப்டிஸ்ட் சபையாகிவிடவில்லை; பல ஆண்டுகளில் படிப்படியாக அந்தக் கொள்கைக்கு வந்தது.

ஒழுங்கு நடவடிக்கைகளை வரலாற்றில் சேர்க்கலாமா? குடும்பத்தார் வருந்த மாட்டார்களா?

பழைய ஏடுகளில் குடிவெறி, கடனைத் திருப்பாமை, ஆராதனைக்கு வராமை, அங்கத்தினர் ஒருவர் மற்றவரை நீதிமன்றத்துக்கு இழுத்தல், சபைக்கு வெளியே மணமுடித்தல் ஆகியவற்றுக்காக நீக்கப்பட்டவர்கள் நிறைய உண்டு. முறையும் ஏறக்குறைய ஒன்றே: இருவர் போய்ப் பேசுவர், வந்து சபைக்கு அறிவிப்பர், மனம் வருந்தினால் மன்னிப்பு, இல்லையேல் திருவிருந்திலிருந்து விலக்கல், கடைசியாகப் பெயர் நீக்கம்.

உயிரோடிருப்பவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் தொடும் செய்திகளைப் பெயரின்றி எழுதுவதே முறை. நூறு ஆண்டுகளைக் கடந்தவற்றை மறைக்கத் தேவையில்லை. ஆனால் நீக்கத்தை மட்டும் எழுதி, மறுபடி சேர்த்துக்கொண்டதை விட்டுவிடுவது அநியாயம்; நீக்கப்பட்டவர்களில் பலர் ஓரிரு ஆண்டில் திரும்பி வந்திருப்பார்கள், அந்த வரி வேறொரு பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும்.

சபைகள் ஏன் இவ்வளவு எளிதாகப் பிளவுபடுகின்றன?

கூட்டத்தின் தீர்மானமே முடிவானது என்றால், தோற்ற தரப்புக்கு மேல்முறையீடு இல்லை. தாங்கிக்கொள்ள வேண்டும், அல்லது வெளியேறித் தனிச் சபை அமைக்க வேண்டும். காரணம் இன்று அற்பமாகத் தோன்றலாம். லண்டனின் தெற்குப் பகுதியில் பெஞ்சமின் கீச் போதகராக இருந்த ஹார்ஸ்லிடவுன் சபையில், ஆராதனையில் பாட்டுப் பாடலாமா என்பதே பிளவுக்குக் காரணமானது. அவர் முதலில் திருவிருந்துக்குப் பின் மட்டும் ஒரு பாடலைச் சேர்த்தார். வாரந்தோறும் பாட வேண்டும் என்ற நிலைக்குச் சபையைக் கொண்டுவர ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பிடித்தன. பிரசங்கம் முடிந்த பிறகே பாட்டு, விருப்பமில்லாதவர் எழுந்து போகலாம் என்ற ஏற்பாடுகூட இருந்தது. அப்படியும் 1690களின் தொடக்கத்தில் இருபதுக்கு மேற்பட்டோர் பிரிந்து, பாட்டில்லாத சபையாக மேஸ் பாண்ட் என்ற இடத்தில் கூடினர். எழுதப்பட்ட பாடலைப் பாடுவது ஆவியானவரின் சுதந்தரத்தைக் கட்டிப்போடுவதாகும் என்பது அவர்களுடைய மெய்யான அச்சம்.

இரு தரப்பு ஏடுகளும் கிடைத்தால் இரண்டையும் படிக்க வேண்டும். தங்கியவர்களின் ஏட்டில் பிரிந்தவர்கள் ஒழுங்கை மீறியவர்கள்; பிரிந்தவர்களின் ஏட்டில் அவர்களே பழைய நெறியைக் காத்தவர்கள்.

சுதந்தரமான சபைகள் சங்கமாக இணைவது எப்படி? அதனால் வரலாற்றாசிரியருக்கு என்ன கிடைக்கும்?

சங்கத்துக்கு அதிகாரம் இல்லை, ஆலோசனை மட்டுமே உண்டு. பிலடெல்பியா சங்கம் 1707இல் ஐந்து சபைகளோடு தொடங்கியது. ஒவ்வொரு சபையும் ஆண்டுதோறும் ஒரு கடிதத்தையும் சில தூதுவரையும் அனுப்பும். ஞானஸ்நானம் பெற்றோர், வேறு சபையிலிருந்து அங்கத்தினர் மாற்றுக் கடிதத்தோடு வந்தோர், கடிதம் பெற்றுப் போனோர், நீக்கப்பட்டோர், இறந்தோர் என்ற எண்ணிக்கைகளும் கொடுக்கப்படும். சபையின் சொந்த ஏடு தீயிலோ வெள்ளத்திலோ போயிருந்தாலும், சங்கத்தின் அச்சிட்ட அறிக்கைகளில் அதன் ஆண்டுக் கணக்கு கிடைக்கக்கூடும்.

சிறு சபைகள் கூடி எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு 1792 அக்டோபர் 2 சான்று. அன்று கெட்டரிங் ஊரில் ஒரு டீக்கனின் விதவையின் வீட்டுப் பின்னறையில் கூடிய சிலர், பாப்டிஸ்ட் மிஷனரி சங்கத்தை நிறுவி, 13 பவுன் 2 ஷில்லிங் 6 பென்ஸ் தருவதாக வாக்குக் கொடுத்தனர். அவர்களுள் பெரும்பாலோர் சிற்றூர்ச் சபைகளின் போதகர்கள். எட்டே ஆண்டுகளில், 1800 டிசம்பர் 28 அன்று, செராம்பூரில் ஹூக்ளி ஆற்றில் தச்சர் கிருஷ்ண பால் ஞானஸ்நானம் பெற்றார்.

எண்ணிக்கை திடீரென்று ஏறினால் எழுப்புதல், அதாவது பக்தி புத்துயிர் பெற்ற காலம், என்று எழுதிவிடலாமா?

காரணத்தைத் தேடிய பிறகு எழுதலாம். ஆந்திரத்தின் ஓங்கோலில் அமெரிக்கப் பாப்டிஸ்ட் சபை 1867 ஜனவரி 1 அன்று எட்டுப் பேருடன் தொடங்கியது. 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் குண்டலகம்மா ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றனர்; ஆறு ஊழியர்கள் இருவர் இருவராக மாறி மாறித் தண்ணீரில் நின்று கொடுத்தார்கள். இந்த எண்ணை மட்டும் எடுத்துக் கொண்டாடும் நூல்கள் பல. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுகளில் தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் வாட்டியது. மிஷனரி ஜான் கிளஃப் பக்கிங்காம் கால்வாய் வெட்டும் பணியில் ஒரு பகுதியை ஒப்பந்தத்துக்கு எடுத்துப் பசித்தவர்களுக்கு வேலை கொடுத்தார். சோற்றுக்காகச் சேர்ந்தார்கள் என்ற பேச்சு வரக் கூடாது என்பதற்காக, நிவாரணம் நடந்த ஓராண்டுக்கும் மேலான காலம் எவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்காமல் நிறுத்திவைத்தார். அந்த நாளின் எண்ணுக்குப் பின்னால் இந்தக் காத்திருப்பும், அதற்கு முன்பே ஒடுக்கப்பட்ட மாதிக சமூகத்தினரிடையே பல ஆண்டுகள் நடந்த ஊழியமும் இருக்கின்றன.

எண்ணிக்கை திடீரென்று இறங்கினாலும் இதே எச்சரிக்கை வேண்டும். பல ஆண்டுகளாக வராதவர்களின் பெயர்களை ஒரே கூட்டத்தில் அடித்துவிட்டிருப்பார்கள். புள்ளிவிவரத்தில் அது வீழ்ச்சி, சபைக்கோ அது கணக்குச் சரிபார்ப்பு.

சபை மூடப்படுகிறது. ஏடுகளை என்ன செய்வது?

கடைசி டீக்கனின் வீட்டு அலமாரியில் வைப்பதுதான் மிக மோசமான முடிவு. ஒரு தலைமுறைக்குள் அவை பழைய தாள் கடைக்குப் போய்விடும். சபை கலைவதற்குமுன் நடக்கும் கடைசிக் கூட்டத்திலேயே, ஏடுகள் எங்கே போக வேண்டும், யார் பார்க்கலாம், எத்தனை ஆண்டுகள் மூடிவைக்க வேண்டும் என்பதைத் தீர்மானமாக எழுதிவிட வேண்டும். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டின் ரீஜென்ட்ஸ் பார்க் கல்லூரியில் உள்ள ஆங்கஸ் நூலகமும், அமெரிக்காவில் அட்லாண்டாவில் உள்ள அமெரிக்கப் பாப்டிஸ்ட் வரலாற்றுச் சங்கமும் நாஷ்வில்லில் உள்ள தென்பகுதிப் பாப்டிஸ்ட் ஆவணக் காப்பகமும் இத்தகைய ஏடுகளைப் பாதுகாக்கின்றன. வேறிடங்களில் இறையியல் கல்லூரி நூலகமோ அரசு ஆவணக் காப்பகமோ பொருத்தமாக இருக்கும்.

கொடுப்பதற்குமுன் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். வெற்றுப் பக்கங்களையும் விடாதீர்கள். ஏட்டுக்குள் செருகிக் கிடக்கும் ரசீது, அழைப்புக் கடிதம், பாடல் எழுதிய துண்டுத்தாள் ஆகியவற்றை எந்தப் பக்கத்தில் இருந்தன என்று குறித்துக்கொண்டு, அவற்றோடு சேர்த்தே ஒப்படையுங்கள். கடைசிக் கூட்டத்தின் தீர்மானத்தையும், அதற்கு வாக்களித்தவர்களின் பெயர்களையும் அதே ஏட்டின் அடுத்த பக்கத்தில் எழுதி, வந்திருந்த அனைவரும் கையொப்பமிடுங்கள்.